நிலா என்னும் பெயர்



இன்று ஏதாவது ஒரு மழலையர் வகுப்பின் வருகைப் பதிவேட்டைப் புரட்டினால் நிலா என்றொரு சிறுமி அநேகமாக அதில் இருப்பாள். அவள் இல்லாவிட்டால் யாழ்நிலா, தேன்நிலா, நிலானி என்று அவளுக்கு உறவான பெயரோடு ஒருத்தி இருப்பாள். அவளுடைய அம்மா படித்த வகுப்பில் வெண்ணிலாவும் வளர்மதியும் சசிகலாவும் இருந்தார்கள். பாட்டியின் வகுப்பில் சந்திராவும் இந்துமதியும் இருந்தார்கள். மூன்று தலைமுறைக்கும் வானத்தில் இருந்தது ஒரே நிலவுதான். பெண் குழந்தைக்காக அதிலிருந்து எடுத்துக்கொண்ட சொல் மட்டும் தலைமுறைக்குத் தலைமுறை மாறியிருக்கிறது.

நிலா புதுப்பெயர் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது சரி. ஆனால் அது தமிழின் மிகப் பழைய சொற்களில் ஒன்று. இத்தனை பழைய சொல் பெயராவதற்கு ஏன் இவ்வளவு காலம் காத்திருந்தது? இன்றைய உரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

முதலில் சொல்லின் வயது. தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்தில் உயிர் மயங்கியல் என்று ஓர் இயல் உண்டு. சொற்கள் ஒன்றோடொன்று சேரும்போது நடுவில் என்ன நிகழ்கிறது என்பதை அது விவரிக்கிறது. அங்கே நிலா என்ற சொல்லுக்கென்றே தனி நூற்பா இருக்கிறது. வேற்றுமைப் புணர்ச்சியில் அது அத்துச் சாரியை பெறும் என்பது விதி. உரையாசிரியர்கள் அதற்கு ‘நிலாஅத்து’ என்று எடுத்துக்காட்டுத் தருகிறார்கள். பின்னால் வந்த நன்னூல், குறில் எழுத்தை அடுத்து வரும் ஆ குறுகி உகரம் ஏற்கும் என்கிறது. கனா கனவாகும், இரா இரவாகும், நிலா நிலவாகும். நிலாவும் நிலவும் ஒரே சொல்லின் இரண்டு வடிவங்கள். பெயர் வைப்பவர்களுக்கு இந்தத் தகவல் மகிழ்ச்சி தர வேண்டும். குழந்தைக்கு வைக்கப்போகும் பெயரைத் தொல்காப்பியர் எடுத்துப் பேசியிருக்கிறார் என்று சொல்லிக்கொள்ளும் வாய்ப்பு எல்லாப் பெற்றோருக்கும் கிடைப்பதில்லை.

அடுத்தது பொருள். இன்று நிலா என்றால் வானில் தெரியும் அந்த வட்டம். பழைய இலக்கியத்தில் வட்டத்துக்குத் திங்கள், மதி, மதியம் என்ற சொற்கள் இருந்தன. நிலாவும் நிலவும் பெரும்பாலும் அது பொழியும் ஒளியையே குறித்தன. புறநானூற்றில் பாரி மகளிர் பாடியதாக உள்ள 112-ஆம் பாட்டு இதற்கு நல்ல சான்று. தந்தை உயிரோடு இருந்த மாதத்தையும், அவன் இறந்து குன்றும் கைவிட்டுப் போன மாதத்தையும் அந்தப் பெண்கள் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார்கள். அங்கே திங்கள் என்பது மாதம், நிலவு என்பது அந்த மாதத்து வெள்ளை ஒளி. நெய்தல் நிலப் பாடல்களில் கடற்கரை வெண்மணலுக்கு நிலவு உவமையாகிறது. மணலுக்கு ஒப்பாவது வானத்து வட்டம் ஆகாது, தரையில் படர்ந்து கிடக்கும் ஒளிதான். நெடுநல்வாடையின் அரண்மனையில் நிலவொளியை அனுபவிப்பதற்கென்றே வெண்மையான முற்றம் இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் மாதவி கோவலனை எதிர்கொள்ளும் இடமும் நிலாமுற்றம்தான். இலங்கையில் திருகோணமலைக்கு வடக்கே உள்ள கடற்கரை ஊரின் பெயர் நிலாவெளி. வெண்மணலுக்கு அருகே இந்தச் சொல் இன்னும் குடியிருக்கிறது.

அண்டை மொழிகள் இந்தப் பழைய பொருளைக் காத்து வைத்திருக்கின்றன. மலையாளத்தில் நிலாவு என்றால் இன்றும் நிலவொளிதான். தெலுங்கில் நெல என்பதற்கு மாதம் என்றும் நிலவு என்றும் பொருள் உண்டு. வென்னெல என்றால் நிலவொளி. நம் வெண்ணிலாவும் தெலுங்கின் வென்னெலவும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். பரோவும் எமனோவும் தொகுத்து 1961-இல் முதற்பதிப்பு கண்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி இவற்றை ஒரே வேரின் கீழ்த் தருகிறது. தெலுங்கிலும் அது பெண்ணின் பெயராகிவிட்டது. 2022-இல் வந்த ‘விராட பர்வம்’ படத்தில் சாய் பல்லவியின் பாத்திரத்துக்கு வென்னெல என்று பெயர். அடுத்த ஆண்டு வந்த ‘தசரா’வில் கீர்த்தி சுரேஷுக்கும் அதே பெயர். ஆகவே நிலா என்று பெயர் வைப்பவர்கள், தெரிந்தோ தெரியாமலோ, தம் மகளை ஒளி என்றுதான் அழைக்கிறார்கள்.

இங்கே ஒரு தடை இருந்தது. அது பால் பற்றியது.

உரோமர்களுக்கு லூனா பெண் தெய்வம், கிரேக்கர்களுக்குச் செலீனி பெண் தெய்வம். அதனால் அங்கே நிலவின் பெயரைப் பெண்ணுக்கு வைப்பதில் சிக்கலே எழவில்லை. லூனா அமெரிக்காவில் 2022-இன் பெண் குழந்தைப் பெயர்ப் பட்டியலில் முதல் பத்துக்குள் வந்தது. வடமொழிப் புராணத்திலோ சந்திரன் ஆண். தக்கனின் மகள்களாகிய 27 நட்சத்திரங்களை மணந்தவன், அவர்களில் ரோகிணியிடம் மட்டும் அன்பு வைத்து மற்றவர்களை வருத்தியவன், அதற்காகச் சபிக்கப்பட்டுத் தேய்ந்தவன். நாட்டு வழக்கிலும் அவன் ஆண்தான், தாய்மாமன். பாற்கடலில் திருமகளோடு பிறந்ததால் அம்மாவின் தம்பி முறை என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். நாகி ரெட்டியும் சக்கரபாணியும் 1947 ஜூலையில் தமிழிலும் தெலுங்கிலும் தொடங்கிய குழந்தைகள் இதழுக்குத் தமிழில் ‘அம்புலிமாமா’ என்ற பெயர் அப்படி வந்தது. மாமனின் பெயரைப் பெண் குழந்தைக்கு அப்படியே வைக்க யாருக்கும் தோன்றியிராது.

தமிழ் இலக்கணம் வேறு மாதிரி நினைத்தது. காலம், உலகம், உயிர், உடம்பு என்று தொடங்கும் ஒரு வரிசையைச் சொல்லதிகாரத்தில் தொல்காப்பியர் தருகிறார். அதில் ஞாயிறும் திங்களும் இருக்கின்றன. இவற்றை உயர்திணை போலக் கருதினாலும் இவை அஃறிணை முடிபே கொள்ளும் என்கிறார். திங்கள் வந்தான் என்றும் இல்லை, வந்தாள் என்றும் இல்லை. திங்கள் வந்தது. சந்திரனுக்கு உள்ள மீசையும் மனைவியரும் திங்களுக்கு இல்லை. நிலாவுக்கும் இல்லை. பிற்காலத்தில் இந்தச் சொல் பெண்ணின் பெயராக எளிதில் மாறியதற்கு இந்த வெற்றிடம் பெரிதும் உதவியது என்று சொல்லலாம்.

நிலவை ஒட்டிய பழைய பெயர்களைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஆண்களின் பெயரில் நிலவு இறைவனின் தலையில் இருக்கும் அணி. சந்திரசேகரன், பிறைசூடன், மதிசூடி. பெண்களின் பெயரிலோ நிலவோடு ஒரு கதை வரும், பெரும்பாலும் ஒரு மனைவியின் கதை. சந்திரமதி என்றவுடன் அரிச்சந்திரன் நாடகமும், மகனின் உடலோடு சுடுகாட்டில் நின்று அவள் புலம்பும் விடிகாலையும் நினைவுக்கு வரும். தெருக்கூத்து பார்த்து வளர்ந்த ஊர்களில் அந்தப் பெயருக்கு அப்படியொரு கனம். இந்துமதி இரகுவம்சத்தில் அயனின் மனைவி, நாரதரின் வீணையிலிருந்து நழுவிய மாலை பட்டு இறந்தவள். ரோகிணி சந்திரனுக்குப் பிரியமான மனைவி. எஸ். எஸ். வாசன் 1948-இல் ‘சந்திரலேகா’வை வெளியிட்டபோதுதான் நிலவின் பெயர் கொண்ட பெண்ணொருத்தி, டி. ஆர். ராஜகுமாரியின் உருவில், முரசுகளின் மேல் ஏறி நின்று நாடு முழுவதையும் தன் பக்கம் திருப்பினாள்.

இங்கே ஒரு சிறு விளக்கம் தேவை. இந்துமதி, சந்திரமதி ஆகிய பெயர்களின் ஈற்றில் வரும் மதி, நிலவைக் குறிக்கும் தமிழ்ச் சொல் அல்ல. ‘உடையவள்’ என்று பொருள் தரும் வடமொழி விகுதி அது. இந்து என்பதுதான் அங்கே நிலவு. வளர்மதி, இளமதி, வான்மதி ஆகியவற்றில் உள்ள மதிதான் தமிழ் மதி. இரண்டும் காதுக்கு ஒன்றாகவே ஒலிப்பதால் பெயர் நூல்கள் பலவும் இவற்றைக் கலந்து பொருள் எழுதிவிடுகின்றன.

தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் பெண்ணுக்கு நிலவின் பெயர் வைக்கும் ஆசை அரபு, பாரசீகச் சொற்கள் வழியே வந்தது. கமருன்னிஸா என்றால் பெண்களுக்குள் நிலவு. மஹ்ஜபீன் என்றால் நிலவு போன்ற நெற்றியாள். பிறை பார்த்து நோன்பைத் தொடங்கிப் பிறை பார்த்து முடிக்கும் மக்களிடம் இந்தப் பெயர்கள் நிலைத்திருப்பதில் வியப்பில்லை.

பெரிய திருப்பம் 20-ஆம் நூற்றாண்டில் வந்தது. 1916-இல் மறைமலை அடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கினார். வேதாசலம் என்ற தம் பெயரை மாற்றிக்கொண்டவர் பிள்ளைகளின் பெயர்களையும் விட்டுவைக்கவில்லை. திருஞானசம்பந்தம் அறிவுத்தொடர்பு ஆனார், மாணிக்கவாசகம் மணிமொழி ஆனார், திரிபுரசுந்தரி முந்நகரழகி ஆனார். இப்பெயர்கள் சற்றே முரடாக ஒலிக்கலாம். ஆனால் பெயரைத் தமிழில் வைக்கலாம், வைத்தால் அழைக்கவும் முடியும் என்பதை ஒரு குடும்பம் தன் வீட்டுக்குள்ளேயே நடத்திக் காட்டியது. அந்தத் துணிச்சலுக்குத் தமிழ்ப் பெண்கள் பலரும் கடன்பட்டிருக்கிறார்கள்.

அடுத்து வந்த திராவிட இயக்கக் குடும்பங்களில் இது முரட்டுத்தனம் நீங்கி இனிமையாகப் பழுத்தது. கயல்விழி, மலர்விழி, தமிழ்ச்செல்வி ஆகியோரோடு வெண்ணிலா, வளர்மதி, இளமதி, இளம்பிறை ஆகியோரும் தொட்டிலுக்கு வந்தார்கள். அந்தத் தலைமுறை இன்று தமிழுக்குத் தெரிந்த தலைமுறை. வந்தவாசிப் பகுதியிலிருந்து எழுதி ‘கங்காபுரம்’ நாவல் தந்தவர் அ. வெண்ணிலா. இளம்பிறை என்ற பெயரில் ஒரு கவிஞர் இருக்கிறார். அரியலூரில் பிறந்த ந. வளர்மதி, 2012-இல் ஏவப்பட்ட ரிசாட்-1 என்ற ரேடார் செயற்கைக்கோளின் திட்ட இயக்குநராக இருந்தவர். தமிழக அரசு 2015-இல் ஏற்படுத்திய அப்துல் கலாம் விருதை முதலில் பெற்றவரும் அவரே. வளர்பிறை என்ற பொருளில் பெயர் பெற்ற சிறுமி விண்ணுக்குக் கோள் அனுப்பினாள் என்று சொல்ல ஒரு சமூகத்துக்குக் கிடைத்த வாய்ப்பு சாதாரணமானதல்ல.

ஆனாலும் இந்தப் பெயர்களில் எல்லாம் நிலவுக்கு ஓர் அடைமொழி தேவைப்பட்டது. வளர்கிற மதி, இளமையான மதி, வெள்ளை நிலா. வெறும் நிலா என்று வைக்க இன்னும் கொஞ்ச காலம் பிடித்தது.

அந்தக் கடைசி அடியை எடுக்க வைத்தது எது? ஒரு சொல் பெயராக வேண்டுமானால் முதலில் அதை வாய்விட்டு அழைக்க முடிய வேண்டும். தமிழர்கள் நிலவை அழைத்துப் பழகியவர்கள். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் ஏழாவது அம்புலிப் பருவம். குழந்தையோடு விளையாட வா என்று நிலவைக் கூப்பிடுவதே அந்தப் பருவத்தின் வேலை. நீயும் இவளும் ஒத்தவர்கள் என்பார் புலவர், பிறகு இவள் உன்னைவிட உயர்ந்தவள் என்பார், வந்தால் இன்னது கிடைக்கும் என்பார், வராவிட்டால் தண்டனை என்பார். சாமம், பேதம், தானம், தண்டம் நான்கும் ஒரு குழந்தையின் விளையாட்டுத் தோழிக்காகச் செலவாகும். குமரகுருபரரின் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழில் இந்தப் பகுதியைப் படிக்கிறவர்கள், நிலவு அங்கே வீட்டுக்கு வர மறுக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளையாகவே மாறிவிட்டதைப் பார்ப்பார்கள்.

புலவர்கள் செய்ததை அம்மாக்கள் நாள்தோறும் செய்தார்கள். மொட்டை மாடியிலோ வாசல் திண்ணையிலோ இடுப்பில் பிள்ளையை வைத்துச் சோறு ஊட்டும்போது நிலாவைக் கூப்பிடாத தமிழ்த் தாய் உண்டா? அந்தப் பாட்டில் சந்திரன் வருவதில்லை, திங்கள் வருவதில்லை, மதியும் வருவதில்லை. நிலாதான் வருகிறது. குழந்தை அம்மா, அப்பா, காக்காவுக்கு அடுத்தபடி கற்கும் சொற்களில் அதுவும் ஒன்று. வள்ளலார் வெண்ணிலாவை விளித்துப் பாடினார், பாரதியும் பாடினார். பாரதிதாசன் 1937-இல் தந்த ‘புரட்சிக்கவி’யில் கதையே நிலாவைச் சுற்றித் திரும்புகிறது. கவிஞன் பார்வையற்றவன் என்று இளவரசியிடமும், இளவரசி தொழுநோயாளி என்று கவிஞனிடமும் சொல்லி நடுவில் திரை கட்டியிருக்கிறார்கள். முழுநிலவைக் கண்ட கவிஞன் தன்னை மறந்து பாடுகிறான். பார்க்காதவன் எப்படி இப்படிப் பாட முடியும் என்று இளவரசி திரையை விலக்குகிறாள். அந்தப் பாட்டில் நிலா முகம் காட்டும் பெண்ணாக வருகிறாள். சந்திரன் என்ற ஆணிடமிருந்து நிலா முழுதாக விடுபட்டுப் பெண்ணான இடங்களில் இது முக்கியமானது என்று துணிந்து சொல்லலாம்.

அதன்பின் திரைப்பாடல் இந்தச் சொல்லைத் தேநீர்க் கடை வானொலி வரை கொண்டுபோனது. 2005-இல் ‘அன்பே ஆருயிரே’ படத்தில் அறிமுகமான நடிகை மீரா சோப்ராவுக்குத் தமிழில் நிலா என்று திரைப்பெயர் வைத்தார்கள். 2011-இல் வந்த ‘தெய்வத்திருமகள்’ படத்தில் விக்ரம் நடித்த கிருஷ்ணா தன் மகளை நிலா என்று அழைக்கிறான். படம் பார்த்தவர்கள் அந்தப் பெயரை ஒரு தகப்பனின் குரலில் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ஒரு படத்தால்தான் பெயர் பரவியது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அடைமொழி இல்லாத வெறும் நிலா ஒரு வீட்டுக்குள் எப்படி ஒலிக்கும் என்பதை அது கேட்கச் செய்தது.

ஒலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. உமா, ரமா, லதா, கலா, சுதா என்று குறிலும் நெடிலுமாக ஆகாரத்தில் முடியும் பெண்பெயர்கள் நமக்கு நெடுங்காலப் பழக்கம். யாப்பில் இவை ஒவ்வொன்றும் ஒரு நிரையசை. நிலாவும் அதே அச்சு. தமிழ்ப் பெயர் வைக்க விரும்பிய இளம் பெற்றோருக்கும், ‘நாகரிகமாக ஒலிக்க வேண்டும்’ என்ற வீட்டாருக்கும் இடையே நடக்கும் வழக்கமான சண்டையை இந்தப் பெயர் சத்தமில்லாமல் தீர்த்து வைத்தது. அயல்நாட்டுத் தமிழர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. ழகரமோ றகரமோ இல்லாததால் டொரண்டோவிலும் இலண்டனிலும் ஆசிரியர்களின் நாக்கு இதில் சிக்காது. சோதிடம் பார்ப்பவர்களுக்கும் இது ஒத்துப்போனது. அனுஷ நட்சத்திரத்துக்கு ந, நி, நு, நே என்ற எழுத்துகளைச் சொல்வது வழக்கம்.

குழப்பங்களும் உண்டு. நீலா வேறு, நிலா வேறு. நீலா வடமொழியில் கருநீலம். அது ஒரு தலைமுறைக்கு முன் மிகப் பரவலாக இருந்த நல்ல பெயர். கேரளத்தில் பாரதப்புழை ஆற்றை நிளா என்பார்கள். அதில் வருவது ளகரம். ஆங்கில எழுத்தில் எழுதும்போது மூன்றும் ஒன்றாகிவிடுகின்றன. எண்கணிதம் பார்த்து ஆங்கில எழுத்தொன்றைக் கூட்டுவதும் குறைப்பதும் இந்தக் குழப்பத்தை மேலும் பெருக்குகிறது. எண்ணுக்காக நீட்டிய எழுத்தால் நிலா பள்ளியில் நீலா ஆகி, கடவுச்சீட்டில் வேறொன்றாகி, தன் பெயர் என்ன என்பதை ஒவ்வொரு அலுவலகத்திலும் விளக்கிக்கொண்டே வாழும் நிலைக்கு ஒரு பெண் தள்ளப்படுகிறாள். எந்த அதிர்ஷ்டமும் இந்த அலைச்சலை ஈடு செய்யாது.

பெயரிடுதல் பற்றிய பேச்சில் திங்களூரை நினைக்காமல் இருக்க முடியாது. திருவையாற்றுக்கு அருகே உள்ள அந்த ஊர் நிலவின் பெயரையே தாங்கியது, சந்திரனுக்குரிய தலமாகவும் மக்கள் போற்றுவது. அங்கே வாழ்ந்த அப்பூதியடிகள் தாம் நேரில் கண்டிராத திருநாவுக்கரசர் மேல் கொண்ட அன்பால் மூத்த மகனுக்கும் இளைய மகனுக்கும் அவர் பெயரையே வைத்தார் என்கிறது பெரியபுராணம். தண்ணீர்ப் பந்தலுக்கும் அதே பெயர். ஒரு பெயரை அத்தனை ஆசையோடு சொல்லிச் சொல்லிப் பழகிய ஊர் அது. இன்று நிலா என்று பெயர் வைக்கும் பெற்றோரிடமும் அந்த ஆசை தெரிகிறது. அவர்கள் தெய்வத்தின் பெயரை நாடவில்லை, காவியத்து மனைவியின் பெயரையும் நாடவில்லை. தங்கள் அம்மா சோறூட்டும்போது கூப்பிட்ட சொல்லை எடுத்து மகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். கடந்த நூறாண்டுகளில் தமிழ்ப் பெண்பெயர்கள் நடந்து வந்த பாதையில் இது மிகச் சிறந்த நிறுத்தங்களில் ஒன்று.

ஆகவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிறப்பைப் பதியும்போது பெயர் முடிவாகவில்லை என்றால் அவசரப்பட வேண்டாம். பதிவு செய்த நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் குழந்தையின் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதன் பிறகும் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணம் செலுத்திச் சேர்க்கலாம். ஆனால் ஒருமுறை பதிந்த பெயரை மாற்றுவது எளிதல்ல. சான்றிதழில் பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலும் வரும். கையொப்பமிடும் முன் தமிழ் எழுத்துகளை ஒருமுறை உரக்கப் படித்துப் பாருங்கள். முதலெழுத்து குறில், இரண்டாமெழுத்து நெடில்.